செவனம்மா என்று ஒருத்தி

அரசாங்கக் கந்தோருக்குப் புகார் எழுதிப் பெட்டிசம் போட்டவர் தன் பேரைப் போடவில்லை. இந்தப் பக்கத்தில் யாரும் போடுவதில்லை. ‘தோட்டத்து நலன்விரும்பி’ என்று கடைசியில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இந்த நலன்விரும்பி கொஞ்சம் படித்த ஆளாக இருக்க வேண்டும். இணையத்திலிருந்து அச்செடுத்த பக்கங்களையும் பெட்டிசத்தோடு சேர்த்துக் குத்தி அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில் இந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற பாப்பம்மாவின் படம். தலையில் கொங்காணி, இடுப்பில் படங்குச் சாக்கு, கையில் மிளகு புடைக்கிற சுளகு, முகத்தில் வெட்கம். படத்துக்குக் கீழே இருந்ததை எழுதியவள் அவள் பெற்ற மகள் கிருஷாந்தினி. போன ஆவணியில் அது வெளிவந்தபோது தோட்டத்தில் போன் வைத்திருந்த அத்தனை பேரும் அதை ஒருவருக்கொருவர் அனுப்பிக் கொண்டாடினார்கள்.

விஷயத்தை மலை மேலே கொண்டுவந்தவர் இத்ரூஸ் நானா. உக்குவளைக் கடைத்தெருவில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறார். சீசனில் மிளகும் கராம்பும் வாங்குவார். கந்தோரிலிருந்து வந்த பெட்டிசத்தைக் கிராமசேவகர் அவர் கடைக்குத்தான் கொப்பி எடுக்கக் கொண்டுபோனார். மிஷினில் வைக்கும்போது நானா படத்தைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு மத்தியானம் லுஹர் தொழுத கையோடு திரீவீலை எடுத்துக்கொண்டு மலை ஏறினார்.

“புள்ள, இதச் சொல்ல எனக்கு வாய் வருதில்ல,” என்றார் கிருஷாந்தினியிடம். “ஆனா சொல்லாமலும் ஈக்க ஏலா. வீட்டு லிஸ்ட்ல அம்மாட பேர நிப்பாட்டீக்கிறாங்க.”

“எதுக்கு நானா?”

“அம்மா பாப்பம்மா இல்லையாம். பாப்பம்மா மௌத்தாகி நாப்பது வருஷத்துக்கு மேலயாம். நீங்கதான் அப்பிடி எழுதீக்கிறீங்களாம்.”

கிருஷாந்தினி மடியிலிருந்த லெப்டொப்பை மூடினாள். அவள் உட்கார்ந்திருந்தது பிள்ளைக் காம்பராவின் வாசற்படியில். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவதற்காகத் தோட்டத்தில் கட்டிய ஒற்றை அறை அது. நவம்பர் மழையில் தோட்டத்தின் மேப்பிரிவு லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை சரிந்து இறங்கி, சமையல்கட்டுகளைத் தள்ளிக்கொண்டு நின்றுவிட்டது. நல்லகாலம், பகல் நேரம், உயிர்ச்சேதமில்லை. அதிகாரிகள் வந்து இனி இங்கே இருக்கக் கூடாது என்று லயத்துக் கதவுகளில் சிவப்புக் கடதாசி ஒட்டினார்கள். ஆறு குடும்பம் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தது. உத்தரத்தில் தொட்டில் கட்டுகிற கம்பிகளில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டு அறையை ஆறாகப் பிரித்துக்கொண்டார்கள். மாசி பிறந்தும் அங்கேதான் கிடக்கிறார்கள். சுவரில் இன்னும் ஈரம், துணி காயாத வாடை, இரவானால் ஆறு வீட்டு இருமல்.

கீழே மிளகுத் தோட்டத்து ஓரமாக வீடு கட்டிக் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. வீடு கொஞ்சம், குடும்பம் அதிகம். ஆகவே தோட்டத்தில் இன்றைக்கும் பேர் பதிந்து வேலை செய்கிறவர் உள்ள குடும்பத்துக்குத்தான் முதலில் என்றார்கள். பாப்பம்மாவின் புருஷன் முத்துவீரன் தோட்ட வேலையை எப்போதோ விட்டுவிட்டு, தம்புள்ளை மொத்தச் சந்தையில் சுமை தூக்குகிற நாட்டாமையாக லொறிகளுக்கு மரக்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். மகள் பல்கலைக்கழகம் போனவள். அந்தக் குடும்பத்துக்கு வீடு என்று ஒன்று கிடைப்பதானால் அது பாப்பம்மாவின் பேரில்தான் கிடைக்க வேண்டும்.

இனி அந்த எழுத்து விஷயம். கிருஷாந்தினி பேராதனையில் சரித்திரம் படித்து நல்ல முறையில் தேறினாள். தேறி என்ன, தற்காலிக விரிவுரையாளர் வேலை ஒரு வருடம், பிறகு அதுவும் இல்லை. அப்போதுதான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்தில் நடத்துகிற சரித்திரப் பத்திரிகை அவளைத் தெரிந்தெடுத்தது. படித்தவர்கள் மட்டும் புரட்டுகிற பத்திரிகை அல்ல அது. யாரும் திறந்து வாசிக்கலாம், பழைய படம் பார்க்கலாம், பேசியவரின் குரலைக்கூடக் கேட்கலாம். வேலை கிடைக்காமல் நிற்கிற இளம் சரித்திரக்காரர்களில் சிலரை வருடத்துக்கொரு தடவை எடுத்து, உதவி ஆசிரியராக வைத்துப் பழக்குவார்கள். எடிட்டோரியல் பெலோஷிப் என்று அதற்குப் பேர். பிறர் எழுதியதை வாசித்துத் திருத்த வேண்டும், ஆதாரம் கேட்க வேண்டும், அதோடு தன் பொறுப்பில் ஒரு தொடரைக் கொண்டுவர வேண்டும். ஒழுங்காக முடித்தால் மேற்படிப்புக்கு அவர்களே சிபாரிசு செய்வார்கள். முத்துவீரனுக்கு இதில் ‘எடிட்டர்’ என்ற ஒரு சொல்தான் புரிந்தது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே தம்புள்ளையில் தன் கூட்டத்துக்கெல்லாம் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தான்.

அவள் கொண்டுவந்த தொடர் தோட்டத்து ஆட்களின் வாய்மொழிக் கதைகள். சொந்தப் பேரோடும் சொந்தப் படத்தோடும் போட வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். தாயோடு நடந்த வாக்குவாதமும் அதைப் பற்றித்தான். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிளகு காயப்போட்டிருந்த வாசலில்.

“எம் பேரப் போட்டுறாத புள்ள,” என்றாள் பாப்பம்மா சுளகைத் தட்டிக்கொண்டே. “வேற எதாச்சும் ஒரு பேரப் போட்டு எழுதிக்க.”

“ஏம்மா, நம்மள எப்பவும் பேரில்லாமத்தானே எழுதி வச்சிருக்காங்க. பழைய கடதாசியெல்லாம் பாத்தேன். ஆம்பளக் கூலி இத்தன, பொம்பளக் கூலி இத்தன. நானும் அப்படியே எழுதவா?”

“அது சரிதான்... கந்தோர்ல எதும் கேக்க மாட்டாங்களா?”

“என்னா கேக்கப் போறாங்க? இப்பத்தான் எல்லாருக்கும் பிரஜாவுரிமை குடுத்துட்டாங்களே. அது முடிஞ்சு போன கதைம்மா.”

முடிஞ்சு போன கதை. படித்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு நம்பிக்கை எங்கிருந்து வருகிறதோ, எனக்கு விளங்குவதில்லை.

கதை இதுதான். தோட்டத்துச் சனத்தில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கமும் பங்கு போட்டுக்கொண்ட காலம். இந்தியாவுக்கு ஆட்களை ஏற்றிப்போன கப்பல் நிற்பதற்கு முந்திய வருடம் செவனம்மா என்ற பெண்ணின் தாய் தகப்பனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அவர்களுக்கு நாலும் பெண். பக்கத்துக் காம்பராவில் ஒரு புருஷன் பெண்டாட்டி; அவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இருந்தது. பாப்பம்மா என்ற ஒரே மகளைக் காய்ச்சலில் பறிகொடுத்திருந்தார்கள். செவனம்மாவும் அவளும் ஒரே வயசு. சாவைப் பதியாமல் வைத்திருந்தார்கள். அந்த நாளில் பல தோட்டங்களில் அப்படித்தான். கடதாசி உள்ள பிள்ளை செத்தால் அந்தப் பேரை வீணாக்க மாட்டார்கள். கடதாசி இல்லாத இன்னொரு பிள்ளைக்கு அது உதவும். “நாலுல ஒன்னக் குடுத்துட்டுப் போங்க” என்று அவர்கள் கேட்க, இவர்களும் போகிற இடத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாத பயத்தில் கொடுத்துவிட்டார்கள். செவனம்மா பாப்பம்மாவானாள். அந்தப் பேரிலேயே பேர் பதிந்து, கொழுந்தெடுத்து, அடையாள அட்டை எடுத்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்றாள். செத்த பாப்பம்மாவைப் புதைத்த மேட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் வடையைக் கொண்டுபோய் வைப்பாள்.

தோட்டத்தில் மூத்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் யாரும் வாய் திறப்பதில்லை. இன்னொருவர் வீட்டிலும் இப்படி ஒரு பேர் இருக்கும், அதனால்.

“உக்குவளை ஸ்டேசன்ல எங்கம்மா ரயில் ஏறுறப்ப சொல்லுச்சு,” என்று பாப்பம்மா அந்த ஒலிப்பதிவில் சொல்லியிருக்கிறாள். “இனிமே யாராச்சும் செவனம்மான்னு கூப்பிட்டா திரும்பிப் பாத்துறாத, புடிச்சுக்கிட்டுப் போயிருவாங்கன்னு. சரின்னுட்டேன். ரயிலு நகர்றப்ப அதுவே என்னையக் கூப்பிட்டுச்சு. செவனம்மா, செவனம்மான்னு. நா திரும்பல.”

இதைக் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பத்திரிகையின் தலைமை ஆசிரியை, இந்த வருடம் வந்தவற்றில் இதைப் போல் ஒன்றில்லை என்று எழுதினாள்.

நானா வந்துபோன அன்று மாலை பாப்பம்மா மலையிலிருந்து இறங்கினாள். படங்கை அவிழ்த்து, கால்விரல் இடுக்கிலிருந்த அட்டையைச் சுண்ணாம்பு வைத்துக் கழற்றி, முகம் கழுவி வரும்வரை மகள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னபோது பாப்பம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

“நீதான சொன்ன, யாரும் கேக்க மாட்டாங்கன்னு.”

“ஆமாம்மா.”

“சரி. அடுப்பப் பாரு, ரொட்டி கருகுது.”

பக்கத்துச் சேலைக்குப் பின்னாலிருந்து கதிராயி வந்தாள். இருவரும் ஒரே நிரையில் கொழுந்தெடுக்கிறவர்கள். “நா இல்லடி பாப்பம்மா,” என்றாள். அழுதிருந்தாள். “ஏழுமல சத்தியமா எங்க வீட்டு ஆளுக யாரும் இல்லடி.”

“நீ இல்லன்னு எனக்குத் தெரியும்.”

“அப்ப யாருங்குற?”

“தெரிய வேணாம். தெரிஞ்சா நாளைக்கு அவ பக்கத்துல நின்னு நா எப்படிக் கொழுந்தெடுக்குறது?”

ஆனாலும் அன்றிலிருந்து பிள்ளைக் காம்பராவில் பேச்சு நின்றுபோனது. முன்பெல்லாம் ஒரு வீட்டுக் கருவாட்டுக் குழம்பு சேலைக்கு அடியால் நாலு வீட்டுக்குப் போகும். இப்போது அவரவர் சட்டி அவரவர் பக்கத்தில் மூடிக்கிடந்தது. ஒரு வீடு தட்டிப்போனால் அடுத்த குடும்பத்துக்குத்தானே அது கிடைக்கும். எல்லோரும் அடுத்த குடும்பம்தான்.

சனிக்கிழமை முத்துவீரன் வந்தான். சந்தையில் ஒதுக்கிப்போட்ட முட்டைக்கோவா இலையும் முனை உடைந்த கரட்டும் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தான். தோள்பட்டையில் மூட்டை உரசிய இடம் சிவந்துகிடந்தது. விஷயத்தைக் கேட்டதும் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு மகளைப் பார்த்தான்.

“அழிச்சுரு.”

“கேக்கணும்ப்பா. நானா அழிக்க முடியாது.”

“நீதான எடிட்டரு?”

அவள்தான். தன் தொடருக்குத் தானே ஆசிரியர். ஆனால் போட்டதை எடுக்கிற உரிமை அவளுக்கு இல்லை. மேலே வீடியோவுக்குச் சிக்னல் போதாது. மறுநாள் இத்ரூஸ் நானாவின் கடைக்குப் போனாள். நானா தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, மிஷினை நிறுத்தி, கடைக் கதவையும் பாதி சாத்திவிட்டு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

தலைமை ஆசிரியை திரையில் வந்தாள். நல்ல மனுஷிதான், அதுதான் கஷ்டம். முழுக்கக் கேட்டாள், இரண்டு தடவை கண்ணைத் துடைத்தாள். பிறகு நிலைமையைச் சொன்னாள். வெளிவந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான எண் கொடுத்து நூலகங்களில் பிரதி வைத்தாகிவிட்டது. பேரை மாற்றலாம், ஆனால் மாற்றியது தெரியும்படிதான் மாற்றலாம், பழைய பிரதியும் பக்கத்திலேயே கிடக்கும். போட்டதைச் சத்தமில்லாமல் மறைப்பவர்களை யாரும் நம்ப மாட்டார்கள், அதற்காகத்தான் அந்த விதி. அதைக் கிருஷாந்தினிக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களின் எழுத்துக்கு அதே விதியைச் சொல்லி அவளே பல தடவை பதில் போட்டிருக்கிறாள்.

ஒரு வழி உண்டு என்றாள் ஆசிரியை, தயங்கித் தயங்கி. வாய்மொழியே நம்பத்தகாதது என்று பதிவு செய்தவரே எழுதிக்கொடுத்தால், பக்கத்தின் தலையில் அந்த அறிவிப்பைப் போட்டு அதை விலக்கிக்கொள்வார்கள். ஆனால் நீ அப்படிச் செய்யாதே, அது உண்மையல்ல என்று நம் இருவருக்கும் தெரியும் என்றாள்.

வெளியே வந்தவளிடம் நானா கேட்டார், “என்னவாம்?”

“நா பொய் சொன்னேன்னு நானே எழுதிக் குடுத்தா எடுப்பாங்களாம்.”

நானா எழுந்து, பாதி சாத்தியிருந்த கதவைத் திறந்துவிட்டார். கண்டிக்குப் போகிற ரயில் கூவிக்கொண்டு போனது. “புள்ள, எனக்கு ஒங்கட படிப்பு தெரியா,” என்றார். “கூரை வேணுமெண்டா எழுதித்தான் ஆகோணும். எழுதினா ஒங்கட கத முடிஞ்சி. ரெண்டுல ஒண்டச் சொல்லித்தர என்னால ஏலா. அல்லாஹ் லேசாக்கி வைக்கோணும்.”

மேலே வந்து சொன்னாள். மழை பிடித்துக்கொண்டது. மாசி மழை, பெய்யக் கூடாத மழை. மழை சத்தம் கேட்டால் காம்பராவில் எல்லோரும் எழுந்து மலைப் பக்கம் பார்ப்பார்கள், அன்றும் பார்த்தார்கள்.

“எழுதிக் குடுத்துரு,” என்றான் முத்துவீரன். “இதுல யோசிக்க என்னா இருக்கு?”

“அப்பா, அம்மா கத மட்டும் இல்லப்பா. நா பொய் எழுதுனவன்னு ஆயிட்டா, மத்தவங்க சொன்னதையும் நம்ப மாட்டாங்க. தொடரு மொத்தத்துக்கும் குறி போட்டுருவாங்க.”

“போடட்டுமே. கோவா மூட்ட தூக்குறவன், சாக்கு விரிச்சுப் படுத்தாலும் எனக்கு அங்க ஒரு எடம் இருக்கு. ஒங்கம்மா எங்க படுக்குறான்னு பாரு.” உத்தரத்தைக் கையால் காட்டினான். “அந்தா அந்தக் கம்பி. ஒன்ன அதுலதான் தொட்டில் கட்டிப் போட்டுட்டு மலைக்குப் போவா. இப்ப அதுக்குக் கீழ அவ படுக்குறா. இதத்தான் நீ படிச்சுக் குடுத்தியா?”

அது அநியாயமான பேச்சு. அவனுக்கும் தெரியும். சொன்ன கையோடு வெளியே போய் மழையில் நின்றுகொண்டான்.

“நீ சொல்லும்மா,” என்றாள் கிருஷாந்தினி.

பாப்பம்மா கோவா இலையை அரிந்துகொண்டிருந்தாள். “நா என்னாத்தச் சொல்றது. நா வாயத் தொறந்து ஒரே ஒருதரம் சொன்னேன், அதுக்கே இந்தப் பாடு.” அடுத்த இலையை எடுத்துக்கொண்டு, “ஒனக்கு அந்த மேல்படிப்பு போயிருமா?” என்று கேட்டாள்.

“போயிரும்.”

“வேற எங்கயாச்சும் கேக்கலாமா?”

“பொய்யா எழுதுனவளுக்கு எங்க குடுப்பாங்க.”

பாப்பம்மா அரிவதை நிறுத்தினாள். மகள் முகத்தைப் பார்க்கவில்லை. “எனக்கு ஒரு செவரு வேணும் புள்ள,” என்றாள். “சேல செவரு வேணாம். கல்லு செவரு.”

கிருஷாந்தினி எழுதினாள். இரண்டே வரி. ‘இந்த வாய்மொழி நம்பத்தக்கதல்ல. பதிவு செய்த நான் என் கற்பனையைச் சேர்த்துவிட்டேன்.’ அவள் எழுதியவற்றிலேயே ஆதாரமில்லாத எழுத்து அது ஒன்றுதான். பக்கத்தின் தலையில் அறிவிப்பு வந்தது. ஒரு வாரத்தில் மற்றக் கதைகளின் தலையிலும் ‘மீளாய்வில் உள்ளது’ என்று வந்தது. பெலோஷிப் முடிவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போதே அவளை விடுவித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அன்பான வார்த்தைகள், சான்றிதழ் இல்லை.

பொன்னுக்காளை என்ற பெரியவர் கீழ்ப்பிரிவிலிருந்து தடி ஊன்றி ஏறி வந்தார். அவர் சொன்ன கதையும் அந்தத் தொடரில் இருந்தது. எழுபதுகளில் மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்கள் பட்டினி கிடந்தபோது அவருடைய கைக்குழந்தை செத்த கதை. பேரன் போனில் காட்டினானாம்.

“பாப்பா, நா சொன்னதும் பொய்யின்னு போட்டிருக்காமே?”

“இல்ல தாத்தா. பொய்யின்னு போடல. பாத்துக்கிட்டிருக்கோம்னு போட்டிருக்கு.”

“எதப் பாக்குறாங்க?”

அவள் எழுந்து கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள்.

“எம் மவ பசியில செத்துச்சு தாயி,” என்றார் அவர். கோபமில்லை, திருத்திச் சொல்கிற குரல். “காய்ச்சல் இல்ல, ஒன்னுமில்ல. பசி. அத மட்டும் மாத்திப்புடாதீங்க.” தேத்தண்ணியைக் குடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கிப் போனார். கிருஷாந்தினி அன்றைக்குச் சாப்பிடவில்லை. கதிராயி சேலையை விலக்கி ஒரு பீங்கான் தட்டில் மரவள்ளிக்கிழங்கு நீட்டினாள். வாங்கி வைத்தாள், அப்படியே இருந்தது.

விசாரணை மாத்தளை டவுனில், காணி விஷயம் பார்க்கிற ஒரு கந்தோரில். பாப்பம்மா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, பொங்கலுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். முத்துவீரன் வரவில்லை, தம்புள்ளையில் அன்றைக்கு லொறி அதிகம் என்றான். முற்பகலிலிருந்து வாங்கில் காத்திருந்தார்கள். கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தமிழ் தெரிந்த எழுதுவினைஞர் லீவு என்றார்கள். பின்னேரம்தான் கூப்பிட்டார்கள்.

அதிகாரி கண்ணாடி போட்ட, சோர்ந்த மனிதர். மேசையில் பெட்டிசமும் மகள் எழுதிக்கொடுத்த மறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மொழிபெயர்க்க ஆளில்லை, மகளே சொல்லட்டும், ஆனால் உள்ளபடி சொல்ல வேண்டும் என்றார் சிங்களத்தில். பாப்பம்மாவுக்குச் சிங்களம் ஓரளவு விளங்கும். பேச வராது.

பேர் கேட்டார்.

“பாப்பம்மாங்க.”

கிருஷாந்தினி சொன்னாள்.

“அப்படியானால் இந்தச் செவனம்மா யார்?”

பாப்பம்மா மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரியின் மேசை மணியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “அது எங்க லயத்துல இருந்த புள்ளைங்க. என் வயசுதான். சின்னதுலயே காய்ச்சல் கண்டு செத்துப் போச்சு.”

கிருஷாந்தினி தாயின் பக்கம் திரும்பினாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பிள்ளை என் அம்மாவின் வயசு, சின்னதிலேயே இறந்துவிட்டாள் என்று சிங்களத்தில் சொன்னாள்.  அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

“எங்கே புதைத்தது?”

“மேப்பிரிவு மேட்டுலங்க. நாந்தான் தீவாளிக்குத் தீவாளி வட கொண்டுபோயி வைப்பேன்.”

“காட்ட முடியுமா?”

“இல்லீங்க. மழைக்கு அந்த மேடு மொத்தமும் எறங்கிப் போச்சு.”

இதைச் சொல்லும்போதுதான் பாப்பம்மாவின் கண் கலங்கியது. நடித்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. அதிகாரியும் பேனாவை ஒரு நிமிடம் கீழே வைத்தார். பிறகு மகளைப் பார்த்து, படித்த பெண் இப்படிக் கதை கட்டி எழுதலாமா, பெற்ற தாய்க்கே எவ்வளவு கஷ்டம் பாருங்கள் என்றார். கிருஷாந்தினி தலையை ஆட்டினாள். இதை அவர் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

பேர் விஷயத்தில் இனி ஆட்சேபணை இல்லை என்று எழுதி முடித்தார். ஆனால் விசாரணை நிலுவையில் இருந்ததால், இந்தச் சுற்று வீடுகளைப் போன வாரமே மற்றவர்களுக்குக் கொடுத்தாயிற்று. அடுத்த சுற்று வந்தால் பார்க்கலாம். அடுத்த சுற்று எப்போது என்று கிருஷாந்தினி கேட்டாள். அவர் கையை விரித்தார். பாவம், அவருக்கும் தெரியாது.

“என்னா சொல்றாங்க?” என்றாள் பாப்பம்மா. அவளுக்கு விளங்கியிருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

“இந்தவாட்டி இல்லையாம்மா.”

பாப்பம்மா எழுந்து, அதிகாரியைக் கும்பிட்டு, பையை எடுத்துக்கொண்டாள். கதவை நோக்கி நடந்தாள். கிருஷாந்தினி பின்னால் நடந்தாள். கதவுக்குக் கிட்ட வரும்போது அதிகாரி இருந்த இடத்திலிருந்தே, தன் சிங்கள நாக்கால் உரக்க, ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்:

“செவனம்மா.”

கிருஷாந்தினி சட்டென்று திரும்பினாள். பாப்பம்மா திரும்பவில்லை. நடையும் நிற்கவில்லை. கதவைத் தாண்டி, வாங்கில் காத்திருந்தவர்களைத் தாண்டி, படியிறங்கி, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள். அதிகாரி திருப்தியாகப் பைலை மூடினார்.

மகள் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது.

“கேக்கலையாம்மா?”

“கேட்டுச்சு,” என்றாள் பாப்பம்மா. “கையக் காட்டு புள்ள, அந்தா பஸ்ஸு வருது. இத விட்டா இனி பொழுதடைய.”